நிலத்தடி இரயிலும் வண்ணக் கோடுகளும்



இரயில்வே எழுத்தனாகிய என்னை நிலத்தடி இரயிலைப் பற்றிப் பேசப் பணித்தீர்கள். உலகின் முதல் நிலத்தடி இரயில் 1863 ஜனவரி 10-இல் இலண்டனில் ஓடத் தொடங்கியது. பின்னர் பாதைகள் பெருகின, பயணிகள் திகைத்தனர். அத்திகைப்பைத் தீர்த்தவர் பெரிய அதிகாரி அல்லர். ஹாரி பெக் என்னும் படவரைவாளர். நிலத்தடியில் செல்பவர்க்குத் தொலைவு வேண்டுவதில்லை. எப்பாதையில் ஏறுவது, எங்கே மாறுவது என்பனவே வேண்டும் என அவர் கண்டார். பாதைக்கொரு வண்ணமாக அவர் வரைந்த படம் 1933-இல் வெளிவந்தது.

பெங்களூரில் 2016 ஏப்ரலில் நிலத்தடிப் பாதை திறக்கப்பட்டது. அங்கும் வண்ணங்களே வழிகாட்டி.

தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த என் தாயார், ஒயிட்பீல்டிலுள்ள என் தங்கையைக் காண மார்டள்ளியிலிருந்து தனியே புறப்பட்டார். “கனகபுரா சாலையில் சில்க் இன்ஸ்டிடியூட் நிலையத்தில் பச்சைப் பாதையில் ஏறுங்கள்; மெஜஸ்டிக்கில் ஊதாவுக்கு மாறுங்கள்” என்று மட்டும் சொல்லியிருந்தேன். தவறாமல் சென்று இறங்கிவிட்டார். ஆனால் எந்த வாயிலில் வெளியேறுவது என்று பலகையைப் படிக்க இயலாமல் அரைமணி நேரம் நின்றார்.

அன்பர்களே! வண்ணம் பாதையைக் காட்டும், வாயிலைக் காட்டாது. அதற்கு நாம் வாழும் நாட்டின் எழுத்து வேண்டும். தமிழைப் பேணுவோம், கன்னட எழுத்தையும் கற்போம். அறுபத்தெட்டு வயதில் என் தாயார் இப்பொழுது தம் பேத்தியிடம் கன்னட அரிச்சுவடி பயில்கிறார்.