கடைப் பையன் போட்ட கணக்கு



போன வைகாசியில் ஒரு மழை நாள். இடி இறங்கியதில் எங்கள் பெரியப்பாவின் லேப்டாப் செத்துப்போனது. சர்வீஸுக்குக் கொடுத்து மதர்போர்டை மாற்றி வாங்கி வந்தார். வீட்டில் வைத்துப் பட்டனை அழுத்தினால் நீலத் திரை, நடுவில் ஒரு கட்டம். 48 இலக்கம் கொண்ட மீட்புச் சாவியைப் போடச் சொல்லிக் கேட்கிறது. உடனே எனக்குப் போன் செய்தார். "ஏம்மா, நான் இதுக்கு நாலு நம்பர்லதான் பின் வச்சிருந்தேன். இது என்னமோ 48 கேக்குதே?"

ஊருக்குப் போய்ப் பார்த்தேன். கோப்புகள் இருக்கும் வட்டுக்கு ஒரு சேதமும் இல்லை. ஒன்றரை வருஷம் உட்கார்ந்து அவர் தமிழில் தட்டச்சு செய்த எங்கள் குடும்பத்து வம்சாவளி, ஏழு தலைமுறை, அதற்குள் அப்படியே இருந்தது. திறக்கத்தான் வழியில்லை.

விஷயம் இதுதான். இப்போது வரும் பல லேப்டாப்புகளில் வட்டு தானாகவே பூட்டிக்கொள்கிறது. திருடு போனாலும் வேறு ஒருவர் கழற்றிப் படிக்க முடியாது. நல்ல ஏற்பாடு, அதில் எனக்குக் குறையில்லை. அந்தப் பூட்டைத் தினமும் திறந்துவிடும் ரகசியம் மதர்போர்டிலேயே ஒரு சில்லுக்குள் இருக்கிறது. மதர்போர்டை மாற்றினால் அதுவும் போய்விடும். அப்போது கைகொடுப்பதுதான் அந்த 48 எண்கள், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. அது எங்கே இருக்கும்? முதல் நாள் கணினியைத் திறந்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் ஆன்லைன் கணக்கில் இருக்கும்.

பெரியப்பாவுக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது. வாங்கிய அன்றைக்குக் கடைப் பையன்தான் எல்லாம் செய்து கொடுத்தான். மெயில் கேட்டது, பெரியப்பாவிடம் மெயில் இல்லை, நின்ற இடத்தில் அவனே ஒன்றை உண்டாக்கி, கடையில் கிடந்த ஒரு சிம்மின் எண்ணைக் கொடுத்துவிட்டான். அவன்மேல் தப்பு சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வரிசையில் நாலு பேர் நிற்கும்போது வேலையை முடிக்கத்தான் பார்ப்பான். ஆனால் அந்தப் பையன் இப்போது அந்தக் கடையில் இல்லை. அந்த சிம்மும் உயிரோடு இல்லை. கடைசியில் வட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. வம்சாவளியில் அச்செடுத்து வைத்திருந்த 40 பக்கம்தான் மிச்சம்.

அதனால்தான் இன்றைக்கு இதைப் பேச வந்தேன். வீட்டில் இருக்கும் கணினிக்குப் பெயரும் சாவியும் வீட்டுக்காரர் கையில் இருக்க வேண்டும்.

முன்பெல்லாம் இது ஒரு கேள்வியே இல்லை. பெயரைப் போடுவோம், பாஸ்வேர்டு போடுவோம், முடிந்தது. அந்தக் கணக்கு அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். இதற்கு லோக்கல் அக்கவுண்ட் என்று பெயர். 2012இல் வந்த விண்டோஸ் 8, ஆன்லைன் கணக்கையும் உள்ளே கொண்டுவந்தது. விண்டோஸ் 10இல் லோக்கல் கணக்குக்கான வழி மெல்ல மெல்லக் கண்ணுக்கு மறைவாகப் போனது. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது, வீட்டுக்கான ஹோம் பதிப்பில் இணையமும் கணக்கும் கட்டாயம் என்றாகிவிட்டது. அடுத்த ஆண்டே புரோ பதிப்பைச் சொந்த உபயோகத்துக்கு வைப்பவர்களுக்கும் அதே நிபந்தனை. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததால், பழைய கணினியை மாற்றுகிறவர்கள் இந்தத் திரையில்தான் வந்து நிற்கிறார்கள்.

வழி இல்லாமல் இல்லை. உங்களுடையது புரோ பதிப்பு என்றால், அமைக்கும்போது "ஒர்க் ஆர் ஸ்கூல்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். மெயில் கேட்கும் இடத்தில் "சைன்-இன் ஆப்ஷன்ஸ்" என்று சின்னதாக இருக்கும். அதற்குள் போனால் "டொமைன் ஜாயின் இன்ஸ்டெட்" என்று ஒரு வரி. அதை அழுத்தினால் பழையபடி பெயரும் பாஸ்வேர்டும் மட்டும்தான் கேட்கும். ஹோம் பதிப்பில் அந்த வரி கிடையாது. ஷிஃப்டையும் எஃப் 10ஐயும் சேர்த்து அழுத்திக் கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடிக்கும் உபாயத்தைச் சிலர் சொல்லித் தருவார்கள். அந்த உபாயங்களை 2025இலிருந்து மைக்ரோசாஃப்ட் தன் சோதனைப் பதிப்புகளில் ஒவ்வொன்றாக அடைத்து வருகிறது. அதை நம்பி இறங்காதீர்கள்.

ஹோம் பதிப்புக்காரர்களுக்கு நான் சொல்வது வேறு. முதலில் உங்கள் சொந்த மெயிலைக் கொடுத்துத் திறந்துகொள்ளுங்கள். கடைக்காரர் மெயில் வேண்டவே வேண்டாம். உள்ளே போனதும் முதல் வேலையாக, அந்தக் கணக்கின் இணையப் பக்கத்தில் மீட்புச் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 48 எண்களையும் ஒரு நோட்டில் எழுதி, பத்திரம் வைக்கும் பெட்டியில் போடுங்கள். பிறகு செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், யுவர் இன்ஃபோ என்று போனால், லோக்கல் கணக்குக்கு மாறச் சொல்லும் வரி அங்கே இருக்கும். ஐந்து நிமிஷ வேலை. மாறும்போது ஒன்றைக் கவனியுங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், படங்கள் எல்லாம் ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்பிடத்துக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அங்கே இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான். எது கணினியில் இருக்கிறது, எது மேலே போயிருக்கிறது என்று பார்த்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

லோக்கல் கணக்கில் எதையாவது இழப்போமா என்று கேட்பீர்கள். விண்டோஸ் அப்டேட் வரும், வைரஸ் காவலும் வேலை செய்யும். மெயிலுக்கும் மற்றதற்கும் தேவைப்படும்போது தனித்தனியாக உள்நுழையலாம். ஆனால் பாஸ்வேர்டு மறந்தால் ஆன்லைனில் மீட்டுத் தர ஆள் இல்லை. கோப்புகளுக்கு நகல் எடுப்பதும் உங்கள் பொறுப்பு. மாதத்தில் ஒரு நாள், அமாவாசையோ சம்பள நாளோ, ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைப்பது என்று பழக்கம் பண்ணிக்கொள்ளுங்கள்.

விண்டோஸை விட்டு லினக்ஸுக்குப் போனால் இந்தக் கேள்வியே எழாது. லினக்ஸ் மின்ட் போடும்போது உங்கள் பெயர், கணினியின் பெயர், பாஸ்வேர்டு, அவ்வளவுதான் கேட்கும். வட்டைப் பூட்டவா என்றும் கேட்கும், அந்தப் பூட்டின் சாவியும் உங்களிடம்தான். இது நமக்கு அந்நியமும் இல்லை. 2011இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் பிள்ளைகளுக்கு வந்த கணினிகளில், விண்டோஸோடு சேர்த்து, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்ததே.

பெரியப்பாவுக்குக் கை பழகியது விண்டோஸ்தான். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் என் கணினியிலேயே ஒரு பென்டிரைவைத் தயார் செய்தேன். ஆன்லைன் கணக்கு கட்டாயம் என்ற நிபந்தனையை நீக்க அதில் ஒரு டிக் உண்டு. வைஃபை இணைக்காமல் நிறுவினோம். இந்த வழியில் ஹோம் பதிப்பின் வட்டுப் பூட்டு முழுமையாக விழாது, லேப்டாப் திருடு போனால் உள்ளே இருப்பதைப் படிக்கலாம் என்பதையும் அவரிடம் சொன்னேன். "இது எங்க வெளிய போகுது, இந்த மேசையை விட்டு?" என்றார். சரி என்றேன்.

பெயர் போட்டார், பாஸ்வேர்டு போட்டார். மறந்தால் உதவ மூன்று கேள்விகளுக்குப் பதில் கேட்டது. முதல் பள்ளிக்கூடத்தின் பெயர் ஒன்று, பிறந்த ஊர் ஒன்று. ஊரறிந்த பதில்களை வைக்காதீர்கள், பொய்யாகக்கூட ஒன்றைப் போடலாம் என்று சொன்னேன். மூன்றாவது, சின்ன வயதில் கூப்பிட்ட செல்லப் பெயர். பெரியப்பா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு, அவருடைய ஆச்சி மட்டும் கூப்பிட்ட ஒரு பெயரை மெதுவாகச் சொன்னார். 46 வருஷம் கூட வாழ்ந்த பெரியம்மாவுக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். வம்சாவளியிலும் அந்தப் பெயர் இல்லை. அதை உங்களிடம் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அது இப்போது அவர் கணினியின் சாவி.