மூளை முடக்குவாதமும் நடையும்: உருவி விடுவதால் என்ன ஆகும்?

(நம் அறக்கட்டளையின் மாதாந்திரப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"எத்தனை நாள் எண்ணெய் போட்டு உருவி விட்டால் எங்கள் பிள்ளை நடப்பான்?" இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. இன்று அதற்கு மட்டும் பதில் சொல்கிறோம்.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். மூளை முடக்குவாதம் காலில் தொடங்குவதில்லை. கருவிலோ, பிரசவ நேரத்திலோ, பிறந்த சில காலத்திலோ வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பு அது. குறைமாதப் பிரசவம், மூச்சுத்திணறல், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் போன்றவை காரணமாகலாம். பல பிள்ளைகளுக்குக் காரணமே தெரிவதில்லை. இது உம்மாவின் தவறும் அல்ல, யாருடைய கண்ணேறும் அல்ல. மருமகளைக் குறை சொல்லும் வீடுகள் இன்றோடு அதை நிறுத்த வேண்டும்.

பாதிக்கப்பட்ட மூளையிலிருந்து தசைக்கு வரும் கட்டளை ஒழுங்காக இருப்பதில்லை. அதனால் தசை இறுகிக்கொள்கிறது. குதிகால் தரையில் படுவதில்லை, தொடைகள் கத்தரி போல ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே, "நரம்பு பிசகியிருக்கிறது, தட்டி எடுத்தால் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் அது சரியல்ல. மூளையின் பாதிப்பு நாளுக்கு நாள் கூடுவதில்லை. ஆனால் பிள்ளை வளர வளர இறுக்கம் கூடி, மூட்டும் எலும்பும் கோணிப்போகக்கூடும். நாம் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

அப்படியானால் உருவி விடுவது வீணா? இல்லை. நம் பாட்டிமார் குளிப்பாட்டும்போது கைகால் நீவிவிடுவது நல்ல பழக்கம்தான். மெதுவாக நீவினால் இறுக்கம் கொஞ்ச நேரம் தளர்கிறது, வலி குறைகிறது. சில பிள்ளைகள் நன்றாகத் தூங்குகிறார்கள். வயிற்றில் இதமாகத் தடவுவது மலச்சிக்கலுக்கும் உதவலாம். இவையெல்லாம் நன்மைகளே. ஆனால் தளர்ந்த தசை சில மணி நேரத்தில் மீண்டும் இறுகும். ஏனென்றால் கட்டளை மூளையிலிருந்து வருகிறது.

இது உலகம் முழுவதும் சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். பிரிட்டனில் 5 முதல் 12 வயது வரையுள்ள 142 பிள்ளைகளிடம், தலையையும் உடலையும் மென்மையாகத் தொட்டுச் செய்யும் ஒரு கைச் சிகிச்சையை ஆய்ந்தார்கள். முடிவு 2011-இல் வெளியானது. சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் உடல் இயக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், தசையைச் சுற்றியுள்ள சவ்வை அழுத்தித் தளர்த்தும் முறையைச் சிறு எண்ணிக்கையிலான குழந்தைகளிடம் சோதித்தார்கள். நடையின் சில அளவுகளில் சிறு மாற்றம் தெரிந்தது, அவ்வளவுதான். 2020-இல் வந்த பெரிய ஆய்வுத் தொகுப்பு ஒன்று தெளிவாகச் சொல்கிறது: பிள்ளை தானே அசைந்து, தனக்கு வேண்டிய ஒரு செயலைத் திரும்பத் திரும்பப் பழகுவதுதான் பலன் தருகிறது. மற்றவர் கை பிள்ளையை அசைப்பது அதற்கு ஈடாகாது.

இதை எங்கள் அனுபவத்திலும் பார்த்தோம். ஒரு உம்மா தன் சங்கிலியை விற்று, வெளியூரில் நாற்பது நாள் தங்கி மகனுக்கு உருவி விடச் செய்தார். அந்த நாட்களில் பிசியோதெரபி நின்றது. காலுக்கான பிளாஸ்டிக் பட்டையும் பையிலேயே கிடந்தது. திரும்பி வந்தபோது குதிகால் முன்பை விட இறுகியிருந்தது. மறுபடி ஒன்றரை வருடம் தினமும் பழகினான். இன்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு மதரஸா வாசல் வரை வருகிறான், அல்ஹம்துலில்லாஹ். அந்தச் சங்கிலி திரும்பவில்லை. இன்னொரு வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

வீட்டில் என்ன செய்யலாம்? வெதுவெதுப்பான நீரில் குளித்தபின் பத்து நிமிடம் மெதுவாக நீவுங்கள். வெட்டி இழுக்கவோ, மூட்டைச் சொடுக்கவோ, மேலே ஏறி மிதிக்கவோ கூடாது. பிள்ளை அழுதால் நிறுத்துங்கள், அழுகையில் இறுக்கம் கூடத்தான் செய்யும். நீவி முடித்தவுடன், தசை தளர்ந்திருக்கும் அந்த நேரத்திலேயே பயிற்சியைத் தொடங்குங்கள். நாற்காலியைப் பிடித்து நிற்கட்டும். வாப்பா தொழுகைக்கு நிற்கும்போது பக்கத்தில் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு அவனும் நிற்கட்டும். ஒளூ செய்யும் குழாயடி வரை கைப்பிடித்து நடக்கட்டும். ஒரு நாளில் ஐந்து வேளை வருகிறது. அதுவே ஐந்து பயிற்சி.

சில எச்சரிக்கைகள். மூளை முடக்குவாதமுள்ள பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல நழுவுகிறது. தொடக்கத்தில் வலிகூடத் தெரியாது. எக்ஸ்ரேயில்தான் தெரியும். நடக்காத பிள்ளைகளுக்கு எலும்பும் பலவீனமாக இருக்கும். அந்த நிலையில் வேகமாக உருவினால் எலும்பு முறியலாம். ஆகவே யாரிடம் அழைத்துப் போவதானாலும் முதலில் எலும்பு மருத்துவரிடம் இடுப்பைக் காட்டுங்கள். வலிப்பு மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடம் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.

எல்லாப் பிள்ளையும் நடக்குமா? உண்மையைச் சொல்வதுதான் அமானத். இரண்டு வயதுக்குள் தானாக உட்காரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிற்பாடு நடக்கிறார்கள். சிலர் வாக்கரோடு நடப்பார்கள். சிலருக்குச் சக்கர நாற்காலிதான் கால். அது தோல்வியல்ல, அதில் அமர்ந்தே படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். இயக்கத் திறனில் பெரும்பகுதி ஐந்து வயதுக்குள் வந்துவிடுகிறது. ஆகவே மாதங்களை வீணாக்க வேண்டாம்.

செலவுக்குப் பயப்படாதீர்கள். மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் இலவச பிசியோதெரபி உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மூளை முடக்குவாதமும் இடம்பெற்றிருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவும் சேர்த்துப் பெறலாம். படிவம் நிரப்ப நாங்கள் உதவுகிறோம். மையத்துக்குப் போய்வரும் பஸ் கட்டணம் இல்லாத, தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஜகாத் நிதியிலிருந்து உதவ இருக்கிறோம். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

புதிதாக ஒரு சிகிச்சைக்குப் பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். மூன்று மாதத்தில் பிள்ளை புதிதாக என்ன செய்வான்? அதை எப்படி அளப்பீர்கள்? இப்போதுள்ள பயிற்சியையும் மருந்தையும் தொடர விடுவீர்களா? பதில் சரியில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நகையை அடகு வைக்குமுன் ஒருமுறை எங்களிடம் வாருங்கள்.

மருத்துவம் செய்துகொள்வது நமக்குக் கற்பிக்கப்பட்ட வழி. துஆவும் செய்வோம், முயற்சியும் செய்வோம். இந்தப் பிள்ளைகளின் ஒவ்வொரு அடியையும் அல்லாஹ் இலேசாக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.