முடி துறத்தலும் முடி இழத்தலும்



சவ்வாது மலையில் பிறக்கும் சேயாறு இறங்கிவரும் வழியில் உள்ளது செங்கம். மலைபடுகடாம் போற்றும் நன்னனின் நாடு இது. இவ்வட்டாரத்தில் கிடைத்துள்ள பல்லவர் கால நடுகற்கள், ஆநிரைப் பூசலில் மாண்ட வீரர்களின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. எடுத்தனூர்க் கல்லொன்றில், தலைவனோடு நின்ற கோவிவன் என்னும் நாய்க்கும் இடம் உண்டு. எளிய மறவர்க்கு உரிய இந்தச் சிறப்பைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சோழவேந்தன் ஒருவனும் பெற்றான். அவன் களத்தில் வீழ்ந்தவனல்லன், அரசைத் துறந்தவன்.

உறையூரில் இருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனை எதிர்த்து அவன் மக்கள் இருவரும் படையெடுத்தனர். சினந்து போருக்கு எழுந்தவனைப் புல்லாற்றூர் எயிற்றியனார் தடுத்தார். 'நீ வென்றால் உனக்குப்பின் நாட்டை யாருக்கு விடுவாய்?' என்பது அவர் வினாவின் சாரம். வேந்தன் போரை விடுத்து, வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தான். நேரில் கண்டறியாத பாண்டிநாட்டு நண்பர் பிசிராந்தையார்க்குத் தன்னருகே இடம் ஒதுக்கச் சொன்னான். அவரும் வந்து சேர்ந்தார். அவன் நடுகல்லான பின்பு பொத்தியார் பாடிய கையறுநிலைப் பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. முடியைத் துறந்தவனிடம் படை இருந்தது, வெல்லும் வாய்ப்பும் இருந்தது. ஆகவே அது துறவு.

ஆங்கில வரலாற்றில் இச்சொல் இவ்வளவு தெளிவாக நிற்பதில்லை. 1399இல் இரண்டாம் ரிச்சர்டு இலண்டன் கோபுரத்தில் சிறைப்பட்டிருந்தபோது, தன் விருப்பத்தால் முடியை விடுவதாக அவன் பெயரில் ஓர் ஆவணம் அவையில் படிக்கப்பட்டது. அதனோடு 33 குற்றச்சாட்டுகளும் அடுக்கப்பட்டன. விரும்பி விலகுபவன்மீது குற்றப்பட்டியல் எதற்கு? மறு ஆண்டே அவன் சிறையில் மாண்டான். இவ்வரலாற்றை நாடகமாக்கிய ஷேக்ஸ்பியரின் நூலில், முடியிழக்கும் காட்சி எலிசபெத் அரசியார் வாழ்ந்த காலத்து அச்சுப் பதிப்புகளில் இல்லை. 1608இல்தான் அது அச்சேறியது.

1688 டிசம்பரில் இரண்டாம் ஜேம்சு அரசு முத்திரையைத் தேம்சு ஆற்றில் எறிந்துவிட்டு ஓடினான். பின்னர்ப் பிரான்சை அடைந்தான். அவன் செயலுக்கு என்ன பெயரிடுவது என்பதில் 1689இல் இரு அவைகளும் மோதின. 'துறந்தான்; அரியணை காலியாக உள்ளது' என்றது மக்களவை. 'கைவிட்டான்' என்றால் போதும் என்றது பிரபுக்கள் அவை. அரியணை காலி என்று ஒப்புக்கொண்டால் அரசனைத் தேரும் உரிமை நாடாளுமன்றத்துக்கு வந்துவிடும் என்பதே அவர்கள் அச்சம். முடிவில் மக்களவையின் சொல்லே வென்றது. ஸ்காத்லாந்தினர் ஒளிக்காமல், உரிமையை இழந்தான் என்றே எழுதினர்.

1936 டிசம்பரில் எட்டாம் எட்வர்டு, தாம் விரும்பிய பெண்ணை மணக்க அமைச்சரவை இசையாததால் முடி துறந்தார். அவர் முன் இரு வழிகள் இருந்தன. ஒன்றை அவரே தேர்ந்தார். அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டில் இதையொத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியாவில் மோலி பிங்க் என்பவரை மணந்தார். ஆங்கில அரசு அவரை அரசியாகவோ, பிறந்த மகனை வாரிசாகவோ ஏற்கவில்லை. ஆட்சிப் பொறுப்பு உடன்பிறந்தாரிடம் சென்றது. மன்னர் என்னும் பெயரோடு அயல்நாட்டில் வாழ்ந்த தொண்டைமான் 1928இல் பாரிசில் மறைந்தார். இது முற்றிலும் துறவுமன்று, முற்றிலும் இழப்புமன்று.

தமிழில் துறத்தல் என்னும் சொல் துறவோடு உறவுடையது. அதில் மனத்தின் இசைவு அடங்கியுள்ளது. சிறையில் ஒப்பமிட்டவனையும் முடி துறந்தான் என்றே எழுதினால், வென்றவன் வகுத்த கதைக்கு நம் மொழி சான்று கூறியதாகும். துறந்தான், இழந்தான், பறிகொடுத்தான் என மூன்று சொற்கள் நம்மிடம் உள்ளன. வரலாறு எழுதுவோர் அவற்றுள் எது உரியது என ஆய்ந்து எடுத்தல் வேண்டும். அந்த ஆய்வின்றி எழுதப்படும் வரலாறு, கோப்பெருஞ்சோழனையும் ரிச்சர்டையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடும்.