புல்லிலைக்குள் வாழும் புழு

எலாகிஸ்டா அர்ஜென்டெல்லா என்பது ஐரோப்பியப் புல்வெளிகளில் வாழும் ஒரு சின்னஞ்சிறு அந்துப்பூச்சி. சிறகை விரித்தாலும் 10 முதல் 12 மில்லிமீட்டர்தான். முன்சிறகுகள் புள்ளியோ கோடோ இல்லாத வெள்ளை. மே மாதத்திலிருந்து ஜூலை வரை, பொழுது சாயும் நேரத்தில் புற்களிடையே பறக்கும். சுவீடன் நாட்டுப் பூச்சியியலாளர் கார்ல் கிளர்க் 1759-இல் இதை விவரித்துப் பெயரிட்டார். இதே பேரினத்தில் வெள்ளை அந்துகள் இன்னும் பல உண்டு. நிறத்தை மட்டும் பார்த்து இனம் சொல்ல முடியாததால், ஐயம் எழுந்தால் ஆய்வாளர்கள் நுண்ணோக்கியின் துணையை நாடுகிறார்கள்.

அந்தைவிட அதன் புழுவே நின்று கவனிக்கத் தக்கது. புல்லிலைக்கு மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல்; நடுவில் பச்சையம் நிறைந்த சதை. புழுவுக்கு அந்தச் சதையே சோறு, இரு தோல்களே கூரையும் தரையும். இவ்வளவு ஒடுங்கிய இடத்தில் நகர வேண்டியிருப்பதால் உடலும் தட்டையாக அமைந்திருக்கிறது.

இலை நுனியருகே தொடங்கும் துளை அடிப்பகுதியை நோக்கி இறங்குகிறது. புல்லில் நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுவதால், துளையும் அவற்றை ஒட்டியே குறுகலாக நீள்கிறது. தின்ற இடம் பச்சை இழந்து வெளுத்துவிடும். அந்த இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், உள்ளே புழு இருப்பது தெரியும். எச்சம் பெரும்பாலும் துளையின் மேற்பகுதியிலேயே தங்கிவிடுவதால், அது தின்றுகொண்டிருக்கும் பகுதி துப்புரவாக இருக்கும். இடம் போதாவிட்டால் வெளியேறி வேறோர் இலைக்குள் புகுந்துகொள்ளும்.

குளிர்காலத்தைப் புழுவாகவே கழித்து, வசந்தத்தில் முழு வளர்ச்சி அடைகிறது. இலைத்தோலின் மறைவு வெயிலையும் காற்றையும் தடுக்கிறது. ஒட்டுண்ணிக் குளவிகளைத் தடுப்பதில்லை. இலைத் துளைப்பான் புழுக்களைத் தேடிவரும் இக்குளவிகள், தோலுக்கு வெளியிலிருந்தே முட்டைக்குழலைச் செலுத்தி முட்டையிட வல்லவை. தப்பிய புழு இலையை விட்டு வெளியே வந்து கூட்டுப்புழுவாகிறது. அதிலிருந்து அந்து வெளிப்படுகிறது.

புல்லை எப்போதும் ஒட்ட வெட்டிவிடும் இடத்தில் இந்த வாழ்க்கைக்கு வழியில்லை. ஓரங்களிலாவது வெட்டாமல் விட வேண்டும்.

இலைத் துளைப்பானைக் காண நம் நேயர்கள் ஐரோப்பா செல்ல வேண்டியதில்லை. எலுமிச்சையின் இளந்தளிரில் வெள்ளிக் கோடாக வளைந்து நெளியும் தடமும் வேறொரு சிற்றந்தின் புழு இட்டதே. அகன்ற இலையில் நெளிந்தும் புல்லில் நேராகவும் ஓடும் இந்த வேறுபாட்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள். மருந்து தெளிப்பானைக் கையில் எடுக்கும் முன், அந்தத் தளிரை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே புழு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.