பள்ளி உணவுச் சந்தையும் நம் பிள்ளைகளும்

(ஜோகூர் பாருவில் நடைபெற்ற பொன்விழாக் குடும்ப ஒன்றுகூடலில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்கத்தின் மூத்தவர்களே, தாய்மார்களே, சகோதர சகோதரிகளே, ஐஸ்கிரீம் எப்போது வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே!

கல்விக் குழுவுக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். ஐம்பது ஆண்டுப் பணிகளைத் தலைவரும் செயலாளரும் நிறைவாகச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் நம் எல்லாருக்கும் பழக்கமான ஒன்றைப் பற்றி, தமிழ்ப்பள்ளியில் நடக்கும் உணவுச் சந்தையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

அந்தச் சந்தையில் நம் கடைக்கு ஒரு தனி மரியாதை உண்டு. சுபுஹுத் தொழுகை முடிந்ததும் அடுப்பை மூட்டிவிடுவோம். நெய்ச்சோறு, தால்ச்சா, கோழி முர்தபா, மீ கோரெங், ஒரு மூலையில் தே தாரிக். பதினொரு மணிக்கெல்லாம் தால்ச்சாப் பானை காலி. மாட்டிறைச்சி மட்டும் அந்த வளாகத்துக்குள் வராது. யாரும் நம்மிடம் கேட்டுக்கொண்டதில்லை. முதல் ஆண்டே நம் பெரியவர்கள் அப்படித்தான் பட்டியல் போட்டார்கள், நாமும் தொடர்கிறோம். பக்கத்துக் கடையில் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தாய்மார்கள் வடை சுடுவார்கள். நமக்கு எண்ணெய் குறைந்தால் அங்கிருந்து வரும். அவர்களுக்கு கேஸ் தோம்பு தீர்ந்தால் இங்கிருந்து போகும்.

"அரசாங்கப் பள்ளிதானே, எதற்கு நன்கொடை?" என்று புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆசிரியர்களுக்குக் கல்வி அமைச்சு சம்பளம் தருகிறது. ஆனால் பள்ளி நிற்கும் நிலம் அரசாங்கத்துக்குச் சொந்தமில்லை என்றால் அது பகுதி உதவி பெறும் பள்ளி. கட்டடச் செலவுக்குப் பள்ளி வாரியமும் பெற்றோரும் அலைய வேண்டியிருக்கிறது. ஜோகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பல, தோட்டத்தில் பிறந்தவை. அரசாங்க மானியமும் அவ்வப்போது வரத்தான் செய்கிறது. அது வரும்வரை ஒழுகும் கூரை காத்திருக்காது.

இந்த நிதி திரட்டலில் நாங்கள் ஒரு தவறும் செய்தோம். அதையும் சொல்லிவிடுகிறோம். முன்பெல்லாம் ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒரு கூப்பன் புத்தகம் கொடுத்தனுப்புவது வழக்கம். ஓர் ஆண்டு, நாங்கள் உதவிக்குப் போயிருந்த ஒரு பள்ளியில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி நான்கு நாள் வரவில்லை. காய்ச்சல் என்று நினைத்தார்கள். வீட்டில் விசாரித்தால், கூப்பன் புத்தகம் பைக்கு அடியில் ஒரு தாள்கூடக் கிழிக்காமல் அப்படியே இருந்தது. அம்மாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. அந்தப் பிள்ளை யாரிடம் போய் விற்கும்? விற்காமல் திருப்பிக் கொடுக்கவும் வெட்கம். அந்தக் கூப்பனை அச்சடித்துக் கொடுத்தது நாங்கள்தான்.

அடுத்த ஆண்டு, பிள்ளைகள் கையில் கூப்பன் வேண்டாம் என்று பேசி முடிவு செய்தோம். நம் உறுப்பினர்களின் உணவகங்களிலும் மளிகைக் கடைகளிலும் முடிதிருத்தும் கடைகளிலும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தோம். முதல் ஆண்டு வசூல் குறைந்தது, மறைப்பதற்கில்லை. பிறகு சரியாயிற்று. தேநீர் குடிக்க வருகிறவர் மீதிச் சில்லறைக்கு ஒரு கூப்பன் வாங்கிப் போகிறார். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்க் கல்விக்காகத் தமிழவேள் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு வழியாக 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோதும் ஆளுக்கு ஒரு வெள்ளிதான் கேட்டார்.

நாள் குறிப்பது ஜோகூர்க்காரர்களுக்கே உரிய தலைவலி. 2014 முதல் 2024 முடிய நமக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் தகப்பன்மார்களுக்கோ சனியும் ஞாயிறும். வெள்ளியில் வைத்தால் ஜும்ஆவுக்குக் கடையைக் கட்ட வேண்டும். சனியில் வைத்தால் அதே நாளில் நான்கு கல்யாணம். 2025 தொடங்கியதும் சனி, ஞாயிறு திரும்பி வந்தது. பாதி சண்டை தீர்ந்தது. கல்யாணங்கள் மட்டும் குறையவில்லை.

இனி, சொல்ல வந்ததைச் சொல்கிறோம்.

சென்ற முறை சந்தையில், புதிதாக மாற்றலாகி வந்த ஓர் ஆசிரியை நம் கடையில் சாப்பாடு வாங்கிக்கொண்டே, "உங்க பிள்ளைங்க எந்த வகுப்புல படிக்கிறாங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார். கரண்டி பிடித்து நின்றவர்கள் ஒன்பது பேர். ஒருவர் பிள்ளையும் அந்தப் பள்ளியில் இல்லை. அவர் தப்பாகக் கேட்கவில்லை. நாங்கள்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

காரணங்கள் எல்லாருக்கும் தெரியும். நம் பிள்ளைகள் காலையில் தேசியப் பள்ளிக்குப் போகிறார்கள், மதியம் சமயப் பள்ளிக்கு. ஜோகூரில் சமயப் பள்ளி நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம். அது நல்லதுதான். ஆனால் அந்த நாளில் தமிழுக்கென்று ஒரு மணி நேரம் எங்கே இருக்கிறது? ஊரிலிருந்து பாட்டி போனில் பேசும்போது பேத்திக்கு "நல்லாயிருக்கேன்" என்பதற்கு மேல் வார்த்தை வருவதில்லை. போனை அத்தாவிடம் நீட்டிவிடுகிறாள். இந்த மண்டபத்தில் எத்தனை வீடுகளில் இது நடக்கிறது என்று கை தூக்கச் சொல்லமாட்டோம்.

பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக் ஒரு தமிழ்ப்பள்ளியைத் தொடங்கியது. தஞ்சோங் பகார் வட்டாரத்தில் வாழ்ந்த உழைப்பாளிகளின் பிள்ளைகளுக்காக எழுந்த பள்ளி அது. உமறுப்புலவர் பெயரைச் சூட்டினார்கள். பொருத்தமான பெயர்தான். அவருடைய சீறாப்புராணமே வள்ளல் சீதக்காதி தூண்ட, அவர் மறைந்தபின் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் ஆதரிக்க, உருவான நூல் என்பார்கள். பள்ளி வளர்ந்தது. சிங்கப்பூரின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியாக நின்றது. முஸ்லிம் பிள்ளைகளோடு மற்றத் தமிழ்ப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். 1982இல் அது மூடப்பட்டது. நிதி கொடுக்கச் சமூகம் இருந்தது. சேர்க்கப் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள்.

எல்லாரும் உடனே பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு மாற்றுங்கள் என்று சொல்ல எங்களுக்கு வாயில்லை. எங்கள் பிள்ளைகளையே மாற்றவில்லை. முதலாம் ஆண்டுக்குப் பதிய வேண்டிய பிள்ளை உள்ளவர்கள் ஒருமுறை பள்ளிக்கு நேரில் போய்ப் பாருங்கள். சந்தை நாளில் இல்லாமல் ஒரு வகுப்பு நாளில் போங்கள்.

மற்றவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, ஒரு தேசியப் பள்ளியில் பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் அங்கே தமிழ்மொழி கற்பிக்க வேண்டும். இதற்கு நிதி திரட்ட வேண்டியதில்லை, அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. பதினைந்து பிள்ளைகளுக்கான கையெழுத்து போதும். பல ஆண்டுகளாக இது நமக்குத் தெரியும். எல்லாரும் அடுத்தவர் கேட்பார் என்று இருந்துவிட்டோம்.

நம் பிள்ளைகள் அதிகமாகப் படிக்கும் ஒரு தேசியப் பள்ளிக்கு இந்த விண்ணப்பத்தைத் தயார் செய்திருக்கிறோம். அடுத்த உணவுச் சந்தையில் தே தாரிக் கடைக்குப் பக்கத்திலும் இதற்கென ஒரு மேசை போடப்போகிறோம், இன்ஷா அல்லாஹ். இன்றைக்கு மேசை மண்டப வாசலில், பிரியாணி வரிசை தொடங்கும் இடத்தில் இருக்கிறது. காலையிலிருந்து பதினொரு பிள்ளைகளுக்குக் கையெழுத்தாகியிருக்கிறது. இன்னும் நான்கு வேண்டும். பேனா கயிற்றில் கட்டித்தான் இருக்கிறது. சாப்பிடப் போகும் வழியில் போட்டுவிட்டுப் போங்கள்.