விரலில் இட்ட மை



இரயில்வே எழுத்தனாகிய என்னைக் குடிமக்களின் உரிமையும் கடமையும் பற்றிப் பேசப் பணித்தது சங்கத்தாரின் அன்பேயன்றி என் தகுதியன்று.

செங்கற்பட்டுச் சீமையிற் பிறந்து மைசூர் அரசின் திவானாக உயர்ந்தவர் ரங்காசார்லு. அவர் 1881ஆம் ஆண்டு தசராவின்போது மக்கள் பிரதிநிதி சபையைக் கூட்டினார். வந்தவர் 144 பேர்; நிலவுடைமையாளரும் வணிகரும். குறைகளை எடுத்துரைக்கலாமேயன்றிச் சட்டம் இயற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. எனினும், ஆள்வோர் முன்னிலையில் குடிகள் வாய் திறந்த நாள் அது. இந்நகரின் நகர மண்டபம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அன்று சிலர்க்கே கிட்டியதை, 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, வயது வந்த ஆண் பெண் அனைவர்க்கும் வாக்குரிமையாக வழங்கியது. வாக்களித்தோர் விரலில் இடும் அழியா மை எங்கே உண்டாகிறது? இதே மைசூரில்! நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1937இல் தோன்றிய தொழிற்சாலையே 1962 முதல் அம்மையை நாட்டுக்கு வழங்கி வருகிறது.

ஆனால் அம்மை பல்லாண்டுகள் என் விரலிற் படவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். என் பெயர் பிறந்த ஊர்ப் பட்டியலில் இருந்தது. தேர்தல்தோறும் ஊருக்குப் போக எண்ணுவேன், விடுப்புக் கிடைக்காது. அண்டை வீட்டுக் கன்னடப் பெரியவர் ஒருநாள், "இத்தெருக் குழாயில் நீர் பிடிக்கிறீர்கள், இத்தெருவுக்காக ஒரு வாக்களிக்கலாகாதா?" என்றார். விடை கூற நாவெழவில்லை. அவ்வாரமே விண்ணப்பித்தேன்.

1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் பெயர் ஒரு தொகுதியில் மட்டுமே இருக்கலாம். ஊரில் வீடு இருப்பது ஒன்றனால் மட்டும் அங்கே வசிப்பதாகக் கருதப்படமாட்டோம். ஆகவே இரண்டிடத்தும் பெயர் வைத்திருப்பது தவறு. ஓரிடத்தும் வாக்களியாதிருப்பது அதனினும் இழப்பு.

நாட்டில் எங்கும் சென்று குடியிருக்கும் உரிமையை 19ஆம் பிரிவு தருகிறது. நம் மொழியையும் பண்பாட்டையும் பேணும் உரிமையை 29ஆம் பிரிவு தருகிறது. இச்சங்கம் நிலைத்திருப்பதும் அவ்வுரிமைகளின் நிழலிலேதான். ஆனால் 1976இல் சேர்க்கப்பட்ட 51அ பிரிவோ, மொழி, வட்டார வேறுபாடுகளைக் கடந்து உடன்பிறப்புணர்வை வளர்ப்பது நம் கடமை என்கிறது. உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டு கடமையை ஊரார்க்கு விட்டுவிடுதல் முறையாகுமா?

எனவே இரண்டு வேண்டுகோள். இவ்வாண்டு ஒவ்வொரு குடும்பமும் தம் பெயர் எப்பட்டியலில் உள்ளதென்று பார்த்து, வாழும் இடத்திற்கு மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் தமிழ் வளர்ப்பதோடு, பிள்ளைகளுக்குக் கன்னடம் எழுதப் படிக்கவும் கற்பியுங்கள். தாய்மொழியை மறவாதவனே பிறர் தாய்மொழியின் அருமையையும் அறிவான்.

பிறந்த ஊருக்குப் பாசம் செலுத்துவோம். வாழும் ஊருக்கு வாக்கும் உழைப்பும் செலுத்துவோம்.

வாழ்க தமிழ்! வாழ்க கன்னட நாடு! வாழ்க பாரதம்!