விசிறி சுற்றவில்லையா? மாற்றுமுன் சோதித்துப் பாருங்கள்

(கொழும்பில் கராஜ் வேலை பழகும் தோட்டத்து இளைஞர்களுக்காகக் கொட்டாஞ்சேனையில் நிகழ்த்திய பேச்சு)



நாங்களும் லயத்தில் பிறந்து, படிப்பைப் பாதியில் விட்டு, கொழும்புக்கு பஸ் ஏறியவர்கள்தான். இதே கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற வேலையில் தொடங்கினோம். அப்போது நடந்த ஒன்றை முதலில் சொல்கிறோம்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு கார் வந்தது. காலி வீதி நெரிசலில் நின்றால் சூடு ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது என்றார் சொந்தக்காரர். ரேடியேட்டர் விசிறி சுற்றவில்லை. "மோட்டர் செத்துப்போச்சு" என்று சோதிக்காமலே தீர்ப்பாயிற்று. பஞ்சிகாவத்தையில் வேறொரு மோட்டர் வாங்கி மாட்டினார்கள். அதுவும் சுற்றவில்லை. "பொடியன்தான் வயரை மாத்திக் குடுத்து எரிச்சுப்புட்டான்" என்று பழி எங்களில் இளையவன் தலையில் விழுந்தது. மோட்டர் விலையை அவன் சம்பளத்தில் கழித்தார்கள். அது ஊருக்கு அனுப்ப வேண்டிய காசு. ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, எர்த் வயரின் முனை துருப்பிடித்திருந்தது என்று. கடற்காற்றில் நிற்கும் வாகனத்துக்கு அது அதிசயமில்லை. இரண்டு மோட்டருமே நல்லவை!

அன்று சோதிக்கத் தெரிந்திருந்தால் அந்தப் பழி வந்திருக்காது. ஆகவே அந்தச் சோதனையை வரிசையாகச் சொல்கிறோம்.

வாகனம் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நெரிசலிலும், கடுகண்ணாவை ஏற்றம் போன்ற இடத்தில் மெதுவாக ஏறும்போதும்தான் விசிறி வேண்டும். தண்ணீர் ஏறக்குறைய 95 முதல் 100 பாகை வந்ததும் சென்சர் அதை அறியும், ரிலே மின்சாரத்தைத் திறந்துவிடும், மோட்டர் சுற்றும். இந்தச் சங்கிலியில் எங்கே அறுந்தது என்று பார்ப்பதே நம் வேலை.

ஆனால் முதலில் உங்கள் உடம்பு. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் முகத்தில் சீறும். சாவியை எடுத்த பின்னும் சில வாகனங்களில் விசிறி திடீரென்று சுற்றும். கை வைக்குமுன் பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். மின்சாரம் தேவைப்படும் சோதனைக்கு மட்டும் திரும்ப மாட்டிக்கொண்டு, கையையும் சட்டையையும் தள்ளி வையுங்கள்.

முதலாவது, இஞ்சின் ஆறிய பின் தண்ணீரைப் பாருங்கள். தண்ணீர் குறைந்தால் சென்சருக்குச் சூடு சரியாகத் தெரியாது.

இரண்டாவது, இஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் அப்போது விசிறி சுற்ற வேண்டும். அதே விசிறி சுற்றினால் மோட்டர் நல்லது; சென்சர் பக்கம் போங்கள்.

மூன்றாவது, பியூஸ். போயிருந்தால் அதே அம்பியர் பியூஸையே போடுங்கள். மறுபடியும் போனால் கம்பி சுற்றிக் கட்டாதீர்கள். வண்டியே தீப்பிடிக்கும்.

நாலாவது, ரிலே. அதே இலக்கமுள்ள ஹோர்ன் ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

ஐந்தாவது, மோட்டர். பிளக்கைக் கழற்றி, பற்றரியிலிருந்து பியூஸ் வைத்த வயரால் நேராக மின்சாரம் கொடுங்கள். சுற்றாவிட்டால்தான் மோட்டர் கெட்டது. தட்டினால் சுற்றுகிறதென்றால் பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

ஆறாவது, எங்களை ஏமாற்றிய இடம். விசிறி சுற்ற வேண்டிய நேரத்தில், பிளக்கின் இரு முனைகளிலும் டெஸ்ட் பல்ப் வையுங்கள். எரியவில்லையா? ஒரு வயரை பற்றரி நெகட்டிவில் வைத்துப் பாருங்கள். இப்போது எரிந்தால் குற்றவாளி எர்த் வயர்தான். சுரண்டித் துப்புரவாக்கி இறுக்குங்கள்.

சிலர் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு சுவிச் வைத்து "டிரெக்ட்" கொடுத்துவிடுவார்கள். வீடு போய்ச்சேர அது சரி. ஆனால் சாரதி ஒரு நாள் சுவிச்சை மறந்தால் ஹெட் கெஸ்கட் எரியும். அப்போதும் பழி கராஜ் பொடியனுக்குத்தான்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் திரும்பத் திறந்தது. பழைய வாகனங்களே நிறைய ஓடுகின்றன. இந்தக் கோளாறு உங்கள் கைக்கு அடிக்கடி வரும். சோதித்ததை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். கேள்வி வந்தால் அதுவே உங்கள் சாட்சி.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கராஜிலேயே தொழில் பழகியவர்களுக்கும், திறமையைச் சோதித்து என்.வி.கியூ. சான்றிதழ் கொடுக்கும் வழி உண்டு. நைட்டா என்ற அரச பயிற்சி நிறுவனத்தில் விசாரியுங்கள். "கராஜ்ல இருக்கான்" என்பதற்கும் "மெக்கானிக்கா இருக்கான்" என்பதற்கும் உள்ள தூரம் அந்தக் கடதாசிதான்.